பக்கத்து இருக்கை பிரேக்

இதை எழுதுகிறவன் ஓட்டுநர் பள்ளி வாத்தியாரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன முதல் நாள், வண்டி நகர்வதற்கு முன்பே அவர் பிரேக்கை மிதித்துவிட்டார். சாவியைக்கூடத் திருகவில்லை. கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கியதுதான் தாமதம், பக்கத்து இருக்கையின் அடியில் 'டப்' என்று ஒரு சத்தம்.

"ஒண்ணுமில்ல தம்பி, நீங்க பாட்டுக்கு இருங்க. கால் பழக்கம்" என்றார்.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன், பரம்பரையிலேயே முதன்முதலாகக் கார் ஓட்ட உட்கார்ந்தவன் என்ற மிதப்பில் இருந்தவனுக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் பட்டது. பிறகுதான் தெரிந்தது, அவர் யாருக்கும் பாரபட்சம் காட்டுவதில்லை என்று. வங்கி மேலாளர் ஓட்டினாலும் மிதிப்பார், பல் டாக்டர் ஓட்டினாலும் மிதிப்பார். பேருந்தில் போகும்போது முன் இருக்கையின் கம்பியை மிதிப்பார். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் கார் துரத்தல் பார்த்தால் டீப்பாயை மிதிப்பார். டீப்பாயின் ஒரு கால் அதனாலேயே ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பள்ளியின் பலகையில் வேறு என்னென்னவோ எழுதியிருந்தாலும், சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பெயர் பிரேக் வாத்தியார்.

அவர் காலடியில் இருந்தது பயிற்சி வண்டிகளில் மட்டும் இருக்கிற இரண்டாவது பிரேக் பெடல். ஓட்டுகிறவரின் பெடலோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். இவர் மிதித்தால் அதுவும் அழுந்தும். கால் போதவில்லை என்று தோன்றினால் கையால் ஹேண்ட்பிரேக்கையும் சேர்த்து இழுத்துவிடுவார். அந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களில். கற்றுக்கொள்ள வருகிறவர்களோ ஹேண்ட்பிரேக்கை இறக்க மறந்து, பாதித் தெரு வரை வண்டியை இழுத்துக்கொண்டே போவார்கள். ஆக, சக்கரத் தட்டைப் பிடித்து நிறுத்துகிற பின்சக்கர பிரேக் பேடுகளுக்கு இரண்டு பக்கமும் இடி. மற்ற வண்டிகளில் வருஷக்கணக்கில் உழைக்கிற பேடு, இவர் வண்டியில் பள்ளிக்கூடத்துப் பென்சில் மாதிரி தேய்ந்தது.

இந்தப் பேடுகளால்தான் அவருக்கும் மச்சானுக்கும் பேச்சு நின்றுபோனது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அடுத்த தெருவில் பட்டறை வைத்திருந்தார். ஒரு நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "மாப்பிள்ளை, உங்க வண்டியில பேடு தேயல. நீங்கதான் தேய்க்கிறீங்க. நீங்க வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கல, நிறுத்தக் கத்துக்குடுக்குறீங்க. பேசாம அந்தப் பெடலைக் கழட்டிடட்டுமா?" என்று கேட்டுவிட்டார். பாட்டு வாத்தியாரிடம் நாக்கை அறுத்துவிடட்டுமா என்று கேட்ட மாதிரி இருந்தது வாத்தியாருக்கு. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தவர்தான். அதற்குப் பிறகு இருவரும் ஒரே அறையில் இருந்தாலும் நேராகப் பேசுவதில்லை. "உன் அண்ணன்கிட்டச் சொல்லு" என்று இவர் சொல்வார், "உன் புருஷன்கிட்டச் சொல்லு" என்று அவர் சொல்வார். நடுவில் மனைவி, அஞ்சல் நிலையம்.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிற குழந்தைகள்கூட அவளிடம் கை நீட்டிவிட்டு, "எப்ப குத்துவீங்க?" என்று கேட்கும், அவள் அதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு கை. அந்த நிலையத்தில், நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துவர ஒரு சிறிய காரும் ஒரு பதவியும் புதிதாக வந்தன. அந்தப் பதவி தனக்குத்தான் என்று அவள் ஆசையை வளர்த்துக்கொண்டாள். தகுதியில் குறை ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. ஓட்டுநர் உரிமம் இல்லை.

ஓட்டுநர் பள்ளி வாத்தியாரின் மனைவிக்கு உரிமம் இல்லையா என்று கேட்காதவர்கள் இல்லை. மூன்று முறை தேர்வுக்குப் போய் மூன்று முறையும் தோற்றிருந்தாள். காரணம் எளியது. தேர்வு மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே கணவர் நிற்பார். நிற்பதோடு விடமாட்டார். "ஏய், பாத்து!" என்று ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான், மைதானத்தின் நடுவில் வண்டி குத்திட்டு நிற்கும். வருஷக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் போட்டபடியே மிதித்து மிதித்து, அவர் குரலுக்கும் அவள் காலுக்கும் நடுவில் ஒரு கம்பியை மாட்டிவிட்டிருந்தார். வாய் திறந்தால் கால் அழுந்தும்.

மூன்றாவது முறை, அவள் தேர்வுக்கு ஓட்டிய பயிற்சி வண்டியால் வேறொரு வம்பும் சேர்ந்துகொண்டது. பேடு தேய்ந்து போனால், அதிலிருக்கிற சின்னத் தகரநாக்கு ஒன்று சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை உரசிக் கீச்சிட ஆரம்பிக்கும். மாற்று என்பதற்கான எச்சரிக்கை அது. தேர்வு அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு இறங்கினார். "அம்மா, அடுத்த தடவை இந்தச் சத்தம் கேட்டா நான் வண்டியிலயே ஏற மாட்டேன். சொல்லிட்டேன்."

அடுத்த தடவைக்கு நாள் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. திங்கட்கிழமை உரிமத்தைக் காட்டாவிட்டால் பதவி வேறொருவருக்கு என்று நிலையத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மதியம் வரை வாத்தியார் பேடு மாற்றவில்லை. மச்சானிடம் போவதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை. வேறு பட்டறைக்குப் போனால் மச்சான் காதுக்குப் போய்விடும் என்று அதற்கும் மனம் வரவில்லை. கடைசியில் பேடுகளை மட்டும் கடையில் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"எங்க அண்ணனைக் கூப்பிடட்டுமா?" என்றாள் மனைவி.

"எதுக்கு? போன்ல வீடியோ இருக்கு. ஒரு பொடியன் கண்ணை மூடிக்கிட்டு மாத்துறான்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"பேச்சுக்குச் சொன்னேன்டி."

ஆரம்பத்தில் எல்லாம் முறையாகத்தான் நடந்தது, குறை சொல்லக் கூடாது. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தார். ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். பின்சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு, ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார். தட்டைக் கவ்விக்கொண்டிருந்த காலிப்பரின் போல்ட்டுகளைக் கழற்றி, பிரேக் குழாய் இழுபடாமல் இருக்கத் துணி காயப்போடுகிற கயிற்றால் அதைக் கட்டித் தொங்கவிட்டார். பழைய பேடுகள் கையோடு வந்தன. பிஸ்கட் மாதிரி இருக்க வேண்டியவை அப்பளம் மாதிரி இருந்தன.

தான் செய்தது தனக்கே பிடித்துப்போன சந்தோஷத்தில் ஒரு தவறு செய்தார். அவரைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தவறு.

"நீ ஏன் சும்மா நிக்குற? நாளைக்கு டெஸ்ட். உள்ள உக்காந்து கியர் மாத்திப் பழகு. இன்ஜின் போட வேணாம், சும்மா கை பழகட்டும்."

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். கண்ணாடி பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று கியரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கீழே வாத்தியார் அடுத்த கட்டத்துக்கு வந்திருந்தார். காலிப்பருக்குள் ஒரு பிஸ்டன் இருக்கும். டம்ளர் மாதிரி உருண்டையாக இருக்கிற அதுதான் பேடைத் தட்டின்மேல் தள்ளுகிறது. பழைய பேடு தேயத்தேய அது வெளியே வந்துகொண்டே இருக்கும். தடிமனான புதுப் பேடு உட்கார வேண்டுமென்றால் அதை உள்ளே அனுப்ப வேண்டும். வீடியோவில் பொடியன் ஒரு இடுக்கியை வைத்து இறுக்கினான், பிஸ்டன் வெண்ணெயில் விரல் போகிற மாதிரி போனது. இவர் இடுக்கியை வைத்து இறுக்கினார். பிஸ்டன் இம்மியும் அசையவில்லை. மூச்சைப் பிடித்து இறுக்கினார். முகம் சிவந்தது. பிஸ்டன், எனக்கென்ன என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று இறுக்கியபோது இடுக்கி வழுக்கி, நேராக அவர் கட்டைவிரல்மேல் இறங்கியது.

"ஐயோ!" என்று அலறினார்.

உள்ளே அவள் கால் பிரேக்கை அழுத்தியது.

தட்டும் பேடும் எதிரில் இல்லாத பிஸ்டன் என்ன செய்யும்? கொஞ்சம் வெளியே வந்தது. வாத்தியாருக்கு விரல் வலி மறந்துபோனது.

"ஏய்! மிதிக்காத!"

சத்தம் போட்டார் அல்லவா? அவள் மிதித்தாள். பிஸ்டன் இன்னும் வெளியே வந்தது.

"காலை எடு! காலை எடுடி!"

மறுபடி மிதித்தாள். "எடுக்குறேன், எடுக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே மிதித்தாள். அவள் எடுத்தாலும் அவர் அடுத்த கூச்சலில் கால் தானாகப் போய் உட்கார்ந்தது.

"நிறுத்து!" என்று அவர் உச்சஸ்தாயியில் கத்தியதுதான் கடைசி. நிறுத்து என்றால் வேறு எதை மிதிப்பாள்? 'பொளக்' என்று பிஸ்டன் தெறித்து அவர் மடியில் விழுந்தது. பின்னாலேயே பிரேக் எண்ணெய் பீய்ச்சியடித்து, தாடையிலிருந்து சட்டைப்பை வரை ஒரு கோடு போட்டது.

 எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் துணியோடு உள்ளே போய்விட்டார், சிரிப்பதற்காக.

மனைவி இறங்கி வந்து பார்த்தாள். முதலில் குழாயைத் திறந்து அவர் முகத்தைக் கழுவினாள். பிறகு விரலைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள்.

"ரத்தம் வரல. வந்திருந்தா ஒரு டெஸ்ட்டு எடுத்திருப்பேன்" என்றாள். கட்டுப் போட்டுவிட்டுத் தரையில் கிடந்த பிஸ்டனைப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் வேடிக்கையாகப் பேச முடியவில்லை. "என்னங்க, காலைல டெஸ்ட்டு. இதுலதாங்க என் வேலை இருக்கு."

வாத்தியார் எண்ணெய் வழிகிற சட்டையோடு இடுக்கியைக் கீழே வைத்தார். பிறகு, "உன் அண்ணனைக் கூப்பிடு" என்றார். அதைச் சொல்ல எவ்வளவு பாடுபட்டார் என்பது அவர் காதின் நிறத்தில் தெரிந்தது.

மச்சான் கருவிப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். பார்த்தவுடனே எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உன் புருஷனைக் கேளு. இதை அமுக்கினாரா?"

"என்னங்க, அமுக்குனீங்களான்னு கேக்குறாரு."

"ஆமான்னு சொல்லு."

"இது அமுக்குற ரகம் இல்ல, திருகுற ரகம்னு சொல்லு. பின்னாடி பிரேக்குல ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்து இருக்குல்ல? உள்ள மரை இருக்கும். திருகிக்கிட்டே தள்ளணும். அமுக்குனா யானை வந்து ஏறி உக்காந்தாலும் போகாதுன்னு சொல்லு."

"வீடியோவுல போச்சுன்னு உன் அண்ணன்கிட்டச் சொல்லு."

"அது முன்சக்கரத்து வீடியோவா இருக்கும்னு உன் புருஷன்கிட்டச் சொல்லு."

வாத்தியார் போனை எடுத்துப் பார்த்தார். முன்சக்கரத்து வீடியோதான். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் நல்லாப் பேசுங்க. நான் டீ போடப் போறேன்" என்று அவள் உள்ளே போய்விட்டாள். அஞ்சல் நிலையம் மூடிவிட்டதால் என்ன செய்வது என்று இருவரும் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு மச்சான், காலியாகக் கிடந்த ஓட்டுநர் இருக்கையைப் பார்த்து, "ரப்பர் வளையம் கிழியல, நல்ல காலம்னு சொல்லு" என்றார். வாத்தியாரும் அதே இருக்கையைப் பார்த்து, "தட்டு தேஞ்சிருக்கான்னு கேட்டுச் சொல்லு" என்றார். "தட்டும் தப்பிச்சுதுன்னு சொல்லு." டீயோடு வந்தவள் வாசலிலேயே நின்று, தன் இருக்கையோடு இரண்டு ஆண்கள் குடும்பக் கதை பேசுவதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத்தான் வந்தாள்.

மச்சான் பிஸ்டனைத் துடைத்து, புது எண்ணெய் தடவி உள்ளே உட்காரவைத்து, அதற்கென்று இருக்கிற கருவியால் திருகித் திருகி அடிவரை அனுப்பினார். பிஸ்டன் முகத்திலிருந்த வெட்டுகளை, பேடின் முதுகிலிருந்த சின்ன முளைக்கு நேராகத் திருப்பி வைத்தார். காலிப்பர் நகர்கிற ஊசிகளுக்குக் கிரீஸ் வைத்தார். புதுப் பேடுகளை மாட்டி, போல்ட்டுகளை இறுக்கினார். மறுபக்கச் சக்கரத்தையும் அதே கையோடு முடித்தார். இனி பாக்கி ஒன்றுதான். பிஸ்டன் தெறித்தபோது குழாய்க்குள் காற்று புகுந்திருந்தது. அதை வெளியேற்ற, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகு பெடலை விட வேண்டும். அழுத்து, பிடி, விடு.

"மிதிக்கிறதுதானே? நான் மிதிக்கிறேன்னு சொல்லு" என்று வாத்தியார் ஏறி உட்கார்ந்தார். அதில் அவருக்கு இணை யார்?

"அழுத்து" என்றார் மச்சான் கீழேயிருந்து. அழுத்தினார்.

"பிடி." பிடித்தார்.

"விடு."

விடவில்லை.

"விடுன்னு சொல்லு தங்கச்சி."

"விடுங்களேன்."

"விட்டுட்டேன்" என்றார் வாத்தியார். கால் விடவில்லை. அவர் விட நினைத்தது உண்மை. ஆனால் எத்தனையோ வருஷங்களாக ஒரே வேலையைச் செய்த காலுக்கு மறுபாதி மறந்துபோயிருந்தது.

மச்சான் எழுந்து வந்தார். நடுவில் யாரையும் வைத்துக்கொள்ளாமல் நேராகப் பார்த்து, "மாப்பிள்ளை, உங்களுக்கு மிதிக்கத்தான் தெரியும். விடத் தெரியாது" என்றார்.

பேச்சு நின்ற பிறகு அவர் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். வாத்தியார் இறங்கினார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். வாத்தியாருக்கு வேறு வேலை கொடுக்கப்பட்டது. ஒரு கையில், காற்றும் எண்ணெயும் வந்து விழுகிற குப்பியைப் பிடிக்க வேண்டும். இன்னொரு கையில் கட்டுப் போட்ட விரல், எதற்கும் ஆகாது. சக்கரத்தடியில் இருட்டாக இருந்தது. மச்சான் சின்ன டார்ச் ஒன்றை எடுத்து, எரியவிட்டு, வாத்தியாரின் வாயில் செருகினார்.

"கடிச்சிக்குங்க. எடுக்கக் கூடாது."

இதைத் திட்டமிட்டே செய்ததாக மச்சான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

"அழுத்தும்மா" என்றார் மச்சான், ஏதோ கதவைச் சாத்தச் சொல்கிற சாதாரணக் குரலில். அவள் அழுத்தினாள். "பிடி." பிடித்தாள். குப்பியில் குமிழ்கள் வந்தன. "விடு." விட்டாள். அழுத்து, பிடி, விடு. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. வாத்தியாருக்கு நாலு இடத்தில் வார்த்தை வாய்வரை வந்தது. மெல்ல என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது, பாத்து என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. "ம்ம், ம்ம்" என்று டார்ச் வெளிச்சம் ஆடியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அவர் பேசாதபோது அவள் கால் எவ்வளவு அழகாகச் சொன்னபேச்சு கேட்கிறது என்பதை, வாயில் டார்ச்சோடு, எச்சில் வழிய, அவர் முதன்முதலாகப் பார்த்தார். குமிழ் நின்று சுத்தமான எண்ணெய் வந்தது. பெடல் கல் மாதிரி நின்றது.

மச்சான் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சத்தம் இல்லை, பிடிப்பும் சரி. "புதுப் பேடு தட்டோட ஒத்துப்போகணும். கொஞ்சம் வேகம் எடுத்து, மெதுவா மிதிச்சு, நிறுத்தாம மறுபடி விட்டு, இப்படிப் பல தடவை. தங்கச்சி ஓட்டட்டும்" என்றார். பிறகு வாத்தியாரிடம், "நீங்க போய்ச் சட்டை மாத்திட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார் அக்கறையாக.

சட்டை மாற்றிக்கொண்டு வந்து வாத்தியார் தன் இருக்கையில் உட்கார்ந்தார். மச்சான் பின்னால், ஹேண்ட்பிரேக் கைக்கு எட்டுகிற மாதிரி நடுவில். எல் போர்டு கட்டியாயிற்று.

"என்னங்க" என்றாள் அவள்.

"என்ன?"

"டார்ச்சை வாயில வைங்க."

"இப்ப எதுக்கு? வெளிச்சமாத்தானே இருக்கு?"

"வைங்க."

வைத்தார். வண்டி கிளம்பியது.

வாய்தான் அடைபட்டதே ஒழிய, கால் அவருடையதுதானே? முனையில் சைக்கிள்காரர் ஒருவர் திரும்பினார், வாத்தியார் மிதித்தார். வண்டி பதவிசாக வேகம் குறைந்து மறுபடி எடுத்தது. வேகத்தடை வந்தது, மிதித்தார். வண்டி தொட்டிலாட்டிய மாதிரி ஏறி இறங்கியது. சந்திலிருந்து லாரி மூக்கை நீட்டியது. இரண்டு கால்களாலும் மிதித்தார். வண்டி வெகு தூரத்திலேயே நிதானித்து, லாரிக்கு வழி கொடுத்து, நகர்ந்தது. பெடல் பூ மாதிரி இருந்தது. புதுப் பேடு என்றால் புதுப் பேடுதான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். வீடு வந்து சேர்ந்தபோது முதுகு நனைந்திருந்தது. டார்ச்சை எடுத்துத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"பரவாயில்ல, சுமாரா ஓட்டினே. ஆனா நல்ல வேளை நான் இருந்தேன். அந்த லாரிகிட்ட நான் மட்டும் மிதிக்கலைன்னா, நாம இப்ப உங்க லேபுல இல்ல, பெரிய ஆஸ்பத்திரியில இருப்போம்."

பின்னாலிருந்து மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, இருவருக்கும் நடுவில் நீட்டினார். இரண்டு பெடல்களையும் இணைக்கிற கம்பி.

"மாப்பிள்ளை பெடலுக்குத் தனியா ஒரு ஸ்பிரிங் உண்டு. அதனால மிதிச்சா திரும்பி வரும். நல்ல உடற்பயிற்சி" என்றார்.

வாத்தியார் கம்பியைப் பார்த்தார். காலடியைப் பார்த்தார். இருக்கிற கோபத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். அப்போதுதான் மனைவியின் முகம் கண்ணில் பட்டது. அவளுக்கும் இது தெரியாது. அவள் கம்பியைப் பார்க்கவில்லை, தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த லாரி?"

"நீதான்" என்றார் மச்சான்.

"வேகத்தடை?"

"எல்லாம் நீதான் தங்கச்சி."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு தன் முழங்காலை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்தாள், நல்ல பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதைப் போல. வாத்தியார் திறந்த வாயை மூடிக்கொண்டார். திட்டுவதற்கு வைத்திருந்த மூச்சைக் கடைசியில் இப்படிச் செலவழித்தார்: "கம்பியை மறுபடி மாட்டிடுங்க மச்சான். காலைல அதிகாரி அது இருக்கான்னு பாப்பாரு."

வெள்ளிக்கிழமைக் காலை, தேர்வு மைதானத்தின் வேலிக்கு வெளியே, நல்ல வெயிலில், வாயில் டார்ச்சோடு ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். காவலாளி இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார்.

"ஐயா, பட்டப்பகல்ல எதைத் தேடுறீங்க?"

"ம்ம்" என்றார் வாத்தியார்.

"எரியவே இல்லையே?"

"ம்ம்ம்" என்றார் வாத்தியார், இன்னும் அழுத்தமாக. காவலாளி, பல் வைத்தியம் போலிருக்கிறது என்று முடிவுகட்டி நகர்ந்தார்.

அவ்வளவு தூரத்திலிருந்து அவள் முகம் தெரியாது. வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தது வண்டியின் பின்புறச் சிவப்பு விளக்குகளை. மிதித்தால் அவை எரியும். மூன்று முறையும் அவருடைய ஒவ்வொரு கூச்சலுக்கும் அவை எரிந்ததை அவரே பார்த்திருக்கிறார். தான் கவனமாக இருக்கச் சொன்னதால் கவனமாக இருக்கிறாள் என்றுதான் அப்போதெல்லாம் நினைத்தார். வண்டி வளைவில் திரும்பியது. பின்னோக்கி வந்தது. கீச்சு சத்தம் இல்லை. மேட்டில் நின்று, பின்னால் உருளாமல் கிளம்பியது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்ற ஒருவர், அடுத்து ஓட்டக் காத்திருந்த தன் மகனைப் பார்த்து, "ஏய்! எங்கடா போற?" என்று ஒரு போடு போட்டார்.

வாத்தியாரின் கால் புழுதியில் அழுந்தியது. பல் டார்ச்சில் பதிந்தது. கண் மட்டும் சிவப்பு விளக்குகளைவிட்டு அசையவில்லை.

எரியவில்லை.

வண்டி ஒரே சீராக மைதானத்தின் அந்தப் பக்கம் வரை போனது. வெள்ளைக் கோடு வந்த இடத்தில், யாரும் எதுவும் சொல்லாமல், விளக்குகள் எரிந்தன. வண்டி நின்றது. அதிகாரி இறங்கி அவளிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவள் பிறகு சொன்னாள்: "வண்டியில சத்தம் போயிடுச்சு போலிருக்கே?" என்று கேட்டாராம். "ஆமா சார், ரெண்டு சத்தமும் போயிடுச்சு" என்றாளாம்.

இப்போது அவள் பரிசோதனை நிலையத்தின் சிறிய வெள்ளைக் காரில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறாள். மச்சானும் வாத்தியாரும் நேராகவே பேசிக்கொள்கிறார்கள். அதனால் சண்டைகளுக்கு முன்பைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. வாத்தியார் அதே பள்ளியில் கற்றுக்கொடுக்கிறார், பல்தடம் பதிந்த டார்ச் டாஷ்போர்டில் கிடக்கிறது. விடுமுறை நாள்களில் மனைவி ஓட்டுகிற காரில் அவர் பக்கத்து இருக்கையில் போகிறார். அந்தக் காரில் இரண்டாவது பெடல் கிடையாது. அவர் பக்கத்துக் கால்மிதி மட்டும் நடுவில் ஓட்டையாகிப் போனதால், போன மாதம் மச்சான் புதிது போட்டுக்கொடுத்தார்.